கட்டிலில் ஒரு கடல்தண்ணிப் பம்ப்

ஒக்ரோபர் 6, திங்கள்

காலையில் கஞ்சி. பாதி இவருக்குள், பாதி என் சட்டையில். வலது பக்கத்து வாய் இன்னும் சரியாக மூடுவதில்லை. துடைத்துவிட்டால் முறைக்கிறார். முறைக்கட்டும். முறைக்கவாவது தெம்பு இருக்கிறதே.

பத்து மணிபோல் மாதகலிலிருந்து சீவரத்தினம் வந்தார். அங்கே கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். இவருடைய பாய்க்கப்பல் அவர்களுடைய இறங்குதுறைக்கு முன்னால்தான் நங்கூரத்தில் நிற்கிறது. ஒரு கோர்வை விளைமீன் கொண்டுவந்திருந்தார். தந்துவிட்டும் போகாமல் நின்றார். மீன் கொடுக்க மட்டும் வரவில்லை என்று விளங்கிவிட்டது.

"ரீச்சர், குறை நினைக்கக்கூடாது. வாடை துடங்க முந்தி கப்பலை அதிலையிருந்து எடுக்கவேணும். வடக்குக் காத்துக்கு அங்கை ஒரு மறைப்புமில்லை. எங்கடை வள்ளங்களை நாங்கள் கரையிலை இழுத்துப் போட்டிடுவம். அது ஏழு தொன். கல்லிலை ஏறினால் விறகுதான்."

காரைநகரைச் சுற்றி ஊர்காவற்றுறைக்குள் கொண்டுபோய் விட்டால் பயமில்லையாம். கட்டி இழுக்க ஏலாதோ என்று கேட்டேன். போன கிழமை இரண்டு வள்ளத்தால் இழுத்துப் பார்த்தார்களாம். முனையில் நீரோட்டம் வள்ளங்களையே திருப்பிப் போட்டுவிட்டதாம். பாய் விரித்துக் கொண்டுபோகலாம். பாய் விரிக்கத் தெரிந்த ஒரே ஆள் என் கட்டிலில் கிடக்கிறார். இனி இஞ்சின்தான் வழி. அந்த இஞ்சின் கொதித்துப்போய் நிற்கிறது.

முப்பது வருஷம் உலகமெல்லாம் கப்பல் இஞ்சினோடு போராடிவிட்டு வந்த மனுசன், பென்சனை வாங்கிக்கொண்டு வட்டுக்கோட்டையில் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு இருக்கலாம். இல்லை. திருகோணமலையில் வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன உடைசலை வாங்கி, இரண்டு வருஷம் மாதகல் வெயிலில் காய்ந்து திருத்தி, போன மாதம் கடலில் இறக்கினார். இறக்கிய அன்றே இஞ்சின் கொதித்தது. பலகையைக் கிளப்பிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பாரிசவாதம். வலது கை, வலது கால், பேச்சு. ஓம், இல்லை, அது. இந்த மூன்று சொல்தான் மிச்சம். ஞானப்பாட்டு மட்டும் அடி பிசகாமல் முழுசாகப் பாடுகிறார். தேத்தண்ணி கேட்கத் தெரியவில்லை.

சீவரத்தினம் சொன்னதெல்லாம் இவருக்குக் கேட்டிருக்கிறது. நான் அறைக்குள் போனபோது இடது கையால் கட்டில் சட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தார்.


ஒக்ரோபர் 7

கண்டறியாத ஒரு கப்பலும் இவரும்.


ஒக்ரோபர் 9, வியாழன்

மருதனார்மடத்தில் முத்துக்குமாரு என்று ஒருவர் இருக்கிறார். வலிகாமத்தில் எந்தத் தோட்டக் கிணற்றில் மோட்டர் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பம்ப் பம்ப்தானே என்று பக்கத்து வீட்டு ரஞ்சினி சொன்னாள். வேறு யாரைத் தெரியும் எனக்கு? ரஞ்சினியை இவரோடு இருத்திவிட்டு, முத்துக்குமாருவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மாதகலுக்குப் போனேன். சீவரத்தினம் வள்ளத்தில் ஏற்றிக் கப்பலடியில் விட்டார். சேலையோடு கப்பலில் ஏறிய கதையை எழுதமாட்டேன்.

முத்துக்குமாரு விளங்கப்படுத்தினார். கடல் தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சி, இஞ்சினைக் குளிரப்பண்ணி, புகைக் குழாயால் வெளியே துப்புவதற்கு ஒரு சின்னப் பம்ப். உள்ளங்கையளவு. அதற்குள் ஒரு றப்பர் சில்லு, அதற்கு இறக்கை மாதிரி ஆறு செட்டை. அது சுழன்றால் தண்ணீர் ஓடும், இஞ்சின் குளிரும். நின்றால் எல்லாம் கொதிக்கும். மூடியைக் கழற்றினார். சில்லில் நாலு செட்டைதான் நின்றது.

"இதுதான் ரீச்சர் இஞ்சினுக்கு வருத்தம். புதுச் சில்லு போட்டால் சரி."

எவ்வளவு லேசாகச் சொல்கிறார். யாழ்ப்பாணத்தில் ஒரு கடை விடாமல் போன் பண்ணினோம். ஒருவரும் கண்டதே இல்லை.

உடைந்த சில்லைப் பால்மாத் தகரப் பேணியில் போட்டுக் கொண்டுவந்து இவருக்குக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். செட்டை இல்லாத இடத்தில் விரலை வைத்து வைத்து அமத்தினார். "அது. அது. அது!" ஓம், உடைஞ்சு போச்சு, புதுசு எடுப்பம் என்றேன். "இல்லை!" மறுபடியும் விரல். மறுபடியும் "அது". கண்ணீர் வந்துவிட்டது அந்த மனுசனுக்கு. நானும் அழுதேன். என்ன சொல்கிறார்? எனக்கு விளங்கவில்லை. முப்பத்தாறு வருஷம் கூட இருந்தும் விளங்கவில்லை.


ஒக்ரோபர் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரவே பிடித்துக்கொண்டார்கள். "பியாட்றிஸ், அதை வித்துவிடுமன்." "இனி அவர் எங்கை ஓடப்போறார்." வாயிலே வந்தது. விழுங்கினேன். பிறகும் ஒரு மனுசி, "எல்லாம் ஆண்டவற்றை சித்தம்" என்றா. சித்தமெண்டால் அந்தப் பம்ப்பையும் அவரே வந்து பூட்டட்டும் என்று சொல்லிவிட்டேன். போதகர் இருமினார்.


ஒக்ரோபர் 15

மெல்போனிலிருந்து ஷெரோன். மகளும் விற்கச் சொல்கிறாள். "அம்மா, உங்களுக்கு அப்பா முக்கியமோ கப்பல் முக்கியமோ?" என்ன கேள்வி இது. எனக்கு அந்தக் கப்பலைக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஆனால் அப்பாவுக்கு யார் சொல்வது? நீ சொல்லு என்று போனை இவர் காதில் வைத்தேன். அவளால் ஏலவில்லை. விம்மினாள். பிறகு, பம்பின் படம் அனுப்புங்கோ, நான் தேடி எடுத்து அனுப்புகிறேன் என்றாள்.

பிள்ளை கெட்டிக்காரி. சில்லு இரண்டாகவே அனுப்புகிறாளாம்.


ஒக்ரோபர் 21, செவ்வாய்

மூன்றாம் நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். உடற்பயிற்சிக்கு வருகிற பிள்ளை இண்டைக்குக் காலைத் தூக்கச் சொல்ல, தூக்கவில்லை. "ஏலாமல் இல்லை ரீச்சர், விருப்பமில்லாமல்தான்" என்று சொல்லிப்போட்டுப் போகுது.

இரவு மழை இல்லாத இடி. இடி கேட்கக் கேட்க இவருக்கு நித்திரை இல்லை. வடக்குப் பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

எனக்குத் தெரியும். ஒருவருக்கும் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். அது உடைஞ்சால் இவர் எழும்பமாட்டார். அது அங்கை நிக்குது எண்ட ஒண்டிலைதான் இவருக்கு உயிர் நிக்குது. நான் கஞ்சி ஊத்தி ஒண்டும் நிக்கேல்லை.


ஒக்ரோபர் 29, புதன்

பார்சல் வந்தது. முத்துக்குமாருவோடு போனேன். சில்லுக்கு நன்றாக கிறீஸ் பூசி உள்ளே தள்ளி, மூடியைப் பூட்டி, மேலால் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி, "ஸ்ராட் பண்ணுவம்" என்றார். கிணற்றடியில் செய்கிற மாதிரியே. இஞ்சின் பிடித்தது. சீவரத்தினம் கை தட்டினார். நான் பின்பக்கம் போய்ப் புகைக் குழாயைப் பார்த்தேன். புகைதான் வந்தது. தண்ணீர் இல்லை.

"தண்ணி வரேல்லை!"

"பொறுங்கோ ரீச்சர், கொஞ்சம் ஓடினால்தான் பிடிக்கும்."

கிணற்று மோட்டர் அப்படித்தானாம். காற்று அடைத்திருந்தால் கொஞ்சம் சும்மா ஓடவிட்டால் தண்ணீரைப் பிடிக்குமாம். இதுவும் பிடிக்கும் என்று நினைத்தார். பிடிக்கவில்லை. றப்பர் எரிந்த மணம் வந்த பிறகுதான் நிற்பாட்டினார். மூடியைத் திறந்தால், புதுச் சில்லு ஓரமெல்லாம் கருகி இளகிப்போய்க் கிடந்தது. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓடினாலே அதற்குச் சா என்று எங்களுக்கு யார் சொன்னது? சொல்லக்கூடியவர் கட்டிலில்.

முத்துக்குமாரு தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அவரை ஏசலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை. இன்னும் ஒன்று இருக்கு என்றேன். இனி ஒன்றுதான் இருக்கு.


ஒக்ரோபர் 30

கோதாரி விழுந்த பம்ப். கோதாரி விழுந்த கப்பல். என்ரை ஆண்டவரே.


நவம்பர் 1, சனி

இரவு முழுக்க ஒரே யோசனை. பம்ப் சுத்தினது. அப்ப தண்ணி ஏன் வரேல்லை? குசினியில் பைப்பில் தண்ணீர் வராவிட்டால் நான் பைப்பையோ கழற்றுகிறேன்? மேலே தண்ணீர்த் தாங்கியைத்தான் முதலில் பார்ப்பேன். தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லையே.

முத்துக்குமாருவைக் கூப்பிடவில்லை. சீவரத்தினத்தோடு மட்டும் போனேன். பம்பிலிருந்து குழாயைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குப் போனேன், குருடி மாதிரித் தடவித் தடவி. பலகைக்குக் கீழே, கடல் தண்ணீர் உள்ளே வருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் மாதிரி. உள்ளே சல்லடை. தண்ணீரில் வருகிற குப்பையை மறிக்கிற வடி. கப்பலின் அடிப்பக்கத்துக் கைப்பிடியைக் கடல் தண்ணீர் ஏறாமல் சீவரத்தினம் திருகி மூடித் தந்தார். போத்தலைக் கழற்றினேன்.

கறுத்த கூழ். அழுகின மணம். கையை விட்டு இழுத்தேன். பச்சை நூல் வந்தது.

என்ரை நூல்.

கப்பல் இறக்கிய அன்றைக்குச் சபையின் மாதர் சங்கம் எல்லாரும் போனோம். நான்தான் விடிய எழும்பி நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் பிடுங்கி, பச்சை நூலில் கோத்து, கப்பல் முகத்தில் பெரிய மாலையாகப் போட்டேன். ஜெபம் முடிய, மாலையைக் கழற்றிக் கடலில் விடுவோம், அழகாயிருக்கும் என்றதும் நான்தான். எல்லாரும் பாடப் பாட, கப்பல் பக்கத்திலேயே விட்டேன். பூ ஆடி ஆடிப் போனது. இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இஞ்சினைப் போட்டார்.

கப்பல் அந்த மாலைக்கு மேலாலைதான் போயிருக்குது. வாய்க்குள்ளை இழுத்துப் போட்டுது. வடி அடைச்சு, பம்ப் காஞ்சு, செட்டை உடைஞ்சு, இஞ்சின் கொதிச்சு, இவர் குனிஞ்சு —

நான்.

சீவரத்தினம், "ஆருக்குத் தெரியும் ரீச்சர், நாங்களும் பூ விடுறனாங்கள்தானே" என்றார். உங்கடை வள்ளத்துக்கு வெளியிலை மோட்டர், அதுக்கு ஒண்டும் ஆகாது என்றேன். கரைக்கு வரும் மட்டும் நூலைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தேன்.


நவம்பர் 2, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. இவர் முன்னால் கதிரையைப் போட்டு இருந்து சொன்னேன். நூலைக் காட்டினேன். "இஞ்சருங்கோ, நான்தான் உங்களை இப்படி ஆக்கினது" என்றேன். என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தால் நல்லது என்று இருந்தது.

சிரித்தார். வாய் ஒரு பக்கத்தால், தோள் குலுங்கக் குலுங்க. நூலை வாங்கி இடது கையால் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தரம். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன், மனுசன் சிரிக்குது. பிறகு நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

பிறகு பால்மாப் பேணியைக் காட்டினார். பழைய சில்லை எடுத்துக் கொடுத்தேன். அதே இடத்தில் விரல், அதே "அது". இந்த முறை நான் ஓம் என்று சொல்லித் தட்டிக் கழிக்கவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆறில் நாலுதான் நிற்குது. அப்ப மற்ற இரண்டும் எங்கே? கோப்பை உடைந்தால், எல்லாத் துண்டும் பொறுக்கினோமோ என்று கூட்டிப் பார்ப்போமே, காலில் குத்துமென்று. இரண்டு துண்டும் உள்ளேயோ? குழாய்க்குள் போய் அடைச்சிருக்கோ?

"ஓம்! ஓம்! ஓம்!"

மூன்று கிழமைக்கு மேலாக இந்த மனுசன் இதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்குது.


நவம்பர் 5, புதன்

முத்துக்குமாருவும் நானும் பம்புக்கு அப்பால் போகிற குழாயைக் கழற்றினோம். இஞ்சினைக் குளிரப்பண்ணுகிற பித்தளை உருளையின் வாயிலேயே இரண்டு றப்பர் துண்டும் சொருகிக் கிடந்தன. முத்துக்குமாரு குறட்டால் இழுத்து என் உள்ளங்கையில் போட்டார். பழைய சில்லோடு வைத்துப் பார்த்தோம். பொருந்தியது.

இனி பூட்டவேண்டியதுதானே என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். "ஒருக்கால் எரிச்சுப்போட்டன் ரீச்சர். மிச்சம் இருக்கிறது ஒண்டு. ஐயா பாத்துத் தலையாட்டாமல் நான் இனிக் கை வைக்கமாட்டன். ஆஞ்சநேயர் ஆணை." நாலு ஆணியையும் கழற்றி, முழுப் பம்பையும் பேப்பரில் சுற்றி என் மடியில் வைத்தார். வாற வழியெல்லாம் ஓட்டோவில் குழந்தைப்பிள்ளை மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கரையில் வள்ளங்களை மேலே இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்.


நவம்பர் 6, வியாழன்

இன்று ஒரு நாள். இதை வடிவாக எழுதி வைக்கவேண்டும்.

கட்டிலில் பழைய பேப்பரை விரித்துப் பம்பை வைத்தேன். இவர் தன்பாட்டில் எழும்பி இருந்தார். முதுகுக்குத் தலகணி வைக்கப் போன என்னைத் தள்ளிவிட்டார். கடைசிப் புதுச் சில்லை எடுத்துக் கொடுத்தேன். முத்துக்குமாரு தந்த கிறீஸ் பேணியை நீட்டினேன். தட்டிவிட்டார். பேணி உருண்டு போனது. பிறகு என்ன வேண்டும்? நல்லெண்ணெய்? இல்லை. சவர்க்காரம்? யோசித்தார், பாதி ஓம். அலுமாரியைக் காட்டினார். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். நான் குதிவெடிப்புக்குப் பூசுகிற கிளிசரின் போத்தலுக்கு, "ஓம்!" கிறீஸ் றப்பரைத் தின்னுமாம் போல.

பிறகு இடது கையால் செட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பக்கமாகச் சரித்து, சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளினார். வலது முழங்கையால் பம்பை அமத்திக்கொண்டு. முதல் மூன்று முறை வழுக்கி விழுந்தது. நான் பிடிக்கப் போக, "இல்லை." நாலாவது முறை போனது. நெற்றியெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்த பார்வை! என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை இந்த மனுசன்.

மத்தியானம் கை காட்டிச் சோறு கேட்டார். கையால் தானே சாப்பிட்டார். விளைமீன் தலையைச் சப்பித் துப்பினார்.

பின்னேரம் சீவரத்தினம் போன். "ரீச்சர், காத்து திரும்புது. நாளைக்கு விடிய பம்பைக் கொண்டு வாங்கோ. நாளைக்கு முழுக்கக் கடல் அமைதியாய் இருக்கும். நாளைண்டைக்கு என்னாலை சொல்ல ஏலாது." ஓம் என்றேன்.


நவம்பர் 7, வெள்ளி

விடிய ஓட்டோ வந்துவிட்டது. அறைக்குள் போனேன். இவர் எனக்கு முன்னமே எழும்பிவிட்டார். பம்பை மறுபடி பிரித்து வைத்திருக்கிறார். ஆணியெல்லாம் என் தட்டில். மூடிக்கு இடையில் வைக்கிற காஸ்கற் கிழிந்துவிட்டது போல, போன வருஷக் கலண்டர் மட்டையில் புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டிருக்கிறார். என் தையல் கத்தரிக்கோல், இடது கையில். நாக்கு வெளியில். கோணலாக ஒன்று வெட்டி எறிந்து, இன்னொன்று தொடங்கி, ஞானப்பாட்டு முணுமுணுத்துக்கொண்டு.

"இஞ்சருங்கோ, நான் கொண்டுபோகவேணும்" என்றேன்.

கேட்கவில்லை. அல்லது கேட்டும் விடவில்லை. நான் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் பம்பை மார்போடு அணைத்துக்கொண்டார். ஆணி சிந்தியது. பறிக்கலாம். ஒரு கைதானே அவருக்கு. முத்துக்குமாரு அங்கே போய் ஒரு காஸ்கற் வெட்டமாட்டாரோ?

பறிக்கேல்லை.

ஓட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு சீவரத்தினத்துக்குப் போன் எடுத்தேன். நாளைக்கு என்றேன். "சரி ரீச்சர். உங்கடை விருப்பம்."

ஒரு நாள்தானே. ஒரே ஒரு நாள்.

பின்னேரம் நாலு மணிக்கு முடித்தார். மூடியைப் பூட்டி, தன் கையால் என்னிடம் தந்தார்.


நவம்பர் 8

காத்து. மூண்டு மணியிலையிருந்து.

கரண்டில்லை. போன் வேலை செய்யேல்லை. முருங்கை விழுந்து போச்சு. பம்ப் மேசையிலை இருக்கு. இவர் வடக்கு யன்னலைப் பாத்தபடி. நான் பைபிளைத் திறக்கிறன், மூடுறன். என்னத்தைக் கேக்கிறது? நேற்றைக் கேக்கலாமோ?


நவம்பர் 9, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். நங்கூரத்தை இழுத்துக்கொண்டு கல்லில் ஏறி, பிறகு அலை தூக்கி மணலில் போட்டிருக்கிறது. பக்கவாட்டில் கிடக்கிறது. பாய்மரம் மூன்று துண்டு. வயிற்றில் நான் நுழைந்து போகலாம் போல ஓட்டை. சீவரத்தினம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து, "காத்து முந்தீட்டுது" என்று மட்டும் சொன்னேன்.

சுவர்ப் பக்கம் திரும்பினார்.


நவம்பர் 10

சாப்பிடேல்லை. தண்ணியுமில்லை. ஷெரோனுக்குச் சொல்லேல்லை.


நவம்பர் 11, செவ்வாய்

சீவரத்தினம் திசைகாட்டியும் சமையல் சாமான்களும் ஒரு சாக்கில் பொறுக்கிக்கொண்டு வந்தார். நல்ல மனுசன். துக்கம் தாங்காமல்தான் சொன்னார், வேண்டுமென்று இல்லை. இவருடைய கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டு: "நான் சொன்னபடி வெள்ளிக்கிழமை கொண்டு வந்திருந்தால் ஐயா, இண்டைக்கு அது ஊர்காவற்றுறையிலை நிக்கும்."

இவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை. விளங்கிவிட்டது. கத்தரிக்கோலும் கலண்டர் மட்டையும் தன் கையில் இருந்த வெள்ளிக்கிழமை.

எனக்கு அடக்க ஏலேல்லை. ஓம், என்றன். ஓம், நான்தான் கொண்டு போகேல்லை. உங்கடை கையிலையிருந்து பறிக்க ஏலேல்லை. நீங்கள் பாடிக்கொண்டிருந்தியள். எனக்குக் கப்பல் வேண்டாம், எண்டைக்கும் வேண்டாம், எனக்கு நீங்கள் அப்பிடி இருக்கவேணும். என்னை என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. சீவரத்தினம் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை, கத்தினேன்.

சீவரத்தினம் மெல்ல வெளியே போனார். இவர் இடது கையால் போர்வையை இழுத்து எறிந்தார். காலைக் கீழே போட்டார். வலது கால் வரவில்லை, இழுத்தார். வாசலைக் காட்டினார்.

"அது."

எங்கே என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.


நவம்பர் 12, புதன்

ஓட்டோவில் ஏற்ற நாலு பேர். கடற்கரை மணலில் பிளாஸ்ரிக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் வைத்தார்கள். நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவர் கப்பலைப் பார்க்கவே இல்லை. உடைந்த வயிற்றுக்குள் கையை நீட்டினார். இஞ்சின்.

"அதை என்ன செய்ய ஐயா, உப்புத் தண்ணி குடிச்சுப்போட்டுது" என்றார் முத்துக்குமாரு. இவர் கதிரைக் கையில் அடித்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஏதோ வரப்பார்த்து, வராமல், எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பிறகு வந்தது:

"கெதியா! கெதியா!"

நாலாவது சொல். உப்பு பிடித்துக் காய்ந்தால் இஞ்சின் இறுகிவிடும் என்கிறார், அதற்கு முதல் விரைவாக எடுங்கோ என்கிறார். சீவரத்தினம் ஆட்களைக் கூப்பிட்டார். மூன்று மரத்தைக் கட்டி நிறுத்தி, சங்கிலி மாட்டி, பின்னேரம் வரை இழுத்தார்கள். இவர் வெயிலில் அசையவில்லை. குடை பிடித்துக்கொண்டு நான்.


நவம்பர் 14

கிணற்றடியில் மரக் குற்றிகளின் மேல் இஞ்சின். நல்ல தண்ணீரால் கழுவு கழுவென்று கழுவி, எண்ணெய் ஊற்றி, வடித்து, மறுபடி ஊற்றி. வடித்த எண்ணெய் பால் விட்ட தேத்தண்ணி நிறம். இவர் விரலில் தொட்டுப் பார்ப்பார், "இல்லை". மறுபடியும். முத்துக்குமாரு காலையிலேயே வந்துவிடுகிறார். வெங்காயத் தோட்டக்காரர் இங்கே போன் எடுத்து அவரைத் திட்டுகிறார்கள்.


டிசெம்பர் 3

நேற்று முழுக்க மழை. இஞ்சினுக்குத் தறப்பாள் கட்டினேன். எனக்குக் கட்டவில்லை, நனைந்தேன். தடிமன், மூக்கு ஒழுகுது.


டிசெம்பர் 25

ஷெரோன் வீடியோவில் கிணற்றடியைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்கும் விசர் பிடிச்சிட்டுதோ?" என்றாள். ஓம் என்றேன்.


ஜனவரி 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, சேலை மாற்றாமலே கிணற்றடிக்குப் போனேன். இவர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். பத்து அடியென்றாலும் தானே வருகிறார். தொட்டியிலிருந்து ஒரு குழாய் பம்புக்கு. இஞ்சினைப் போட முதல் பம்புக்குள் தண்ணீர் நிற்குதா என்று நான் பார்க்கவேண்டும், அவர் பார்க்கவேண்டும், பிறகு நான் மறுபடி பார்க்கவேண்டும். அவசரப்பட்டால் பொல்லால் நிலத்தில் தட்டுவார். "மெல்ல." அதுவும் இப்ப வருகிறது.

முத்துக்குமாரு சாவியைப் போட்டார். கறுப்பாக இருமியது. நின்றது. மறுபடி இருமியது. பிடித்தது! குசினி யன்னல் கண்ணாடி நடுங்கியது. பக்கத்து வீட்டு நாய் ஊரைக் கூட்டியது. ரஞ்சினி வேலிக்கு மேலால் என்னவோ கத்தினாள், கேட்கவில்லை. நான் புகைக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புகை. புகை. புகை மட்டும். பிறகு ஒரு துப்பல். பிறகு தண்ணீர், விட்டு விட்டு, பளக் பளக் என்று, வாழையடிக்குப் போனது.

குனிந்து கையை வைத்தேன். இளஞ்சூடு. இவரிடம் போய் ஈரக்கையை அவர் கன்னத்தில் வைத்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் போதும், நிற்பாட்டு என்று இவர் கை காட்டினார். முத்துக்குமாரு சாவிக்குக் கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொறுங்கோ தம்பி," என்றேன், "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."